அப்புச்சிக்கு எதுவும் மறக்கவில்லை

கணக்கு வகுப்பு நடந்துகொண்டிருந்தபோது அம்மா வாசலில் வந்து நின்றாள். அம்மா பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்க்கிறாள். தைத்து வரும் துணியில் ஓட்டையோ கறையோ இருக்கிறதா என்று பார்த்துப் பிரிக்கும் வேலை. வேலை நேரத்தில் அவள் என் பள்ளிக்கூடத்துக்கு வந்ததே கிடையாது. முடியெல்லாம் பஞ்சுத் தூசி ஒட்டியிருந்தது. அதைத் தட்டிவிடக்கூடத் தோன்றாமல் வந்திருக்கிறாள் என்று பார்த்ததுமே எனக்குப் புரிந்துவிட்டது. “அப்புச்சி போயிட்டாரு கண்ணு” என்றாள். போனது அவளைப் பெற்ற அப்பா. என் பையை எடுக்கப்போய் ஜாமெட்ரி பாக்ஸைக் கீழே போட்டுவிட்டாள். எல்லாம் சிதறிப் பெஞ்சுக்கு அடியில் ஓடின. அம்மா தரையில் உட்கார்ந்து காம்பஸையும் பென்சில்களையும் ஒவ்வொன்றாகப் பொறுக்கினாள். டீச்சரும் குனிந்து சேர்ந்து பொறுக்கினார்.

நாளை கருமாதி. வரப்போகும் உங்கள் எல்லோர் முன்னாலும் படிப்பதற்கு அப்புச்சியைப் பற்றி ஒரு பக்கம் எழுதித் தரும்படி மாமா என்னிடம் சொன்னார். “உம்பட கையெழுத்தும் நல்லாருக்கும், தமிழும் நல்லா வரும். நீயே எழுதிப் படி” என்றார். எழுதினேன். மாமா படித்துப் பார்த்து இரண்டு இடங்களில் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு என் பேனாவை வாங்கி, ‘கடைசிக் காலத்தில் நினைவு தப்பிப்போன நிலையிலும் எங்கள் மீது அன்பு மாறாமல் இருந்தார்’ என்று ஒரு வரியைச் சேர்த்தார். அந்த வரியோடு நல்ல தாளில் திருப்பி எழுதிக் கொடுத்துவிட்டேன். அது அப்புச்சியின் படத்துக்கு முன்னால் இருக்கிறது.

இது இன்னொரு தாள். எல்லோரும் தூங்கிய பிறகு சமையலறையில் உட்கார்ந்து எழுதுகிறேன். அப்புச்சிக்கு நினைவு தப்பவில்லை. தப்பிவிட்டது என்று நீங்கள் எல்லோரும் நம்புவதற்குக் காரணம் நான்தான். இதை நாளை படிக்க எனக்குத் தைரியம் வருமா என்று தெரியவில்லை. அப்பா இறந்த பிறகு எனக்கும் அம்மாவுக்கும் வீடு என்றால் மாமாவின் வீடுதான். எங்களுக்குப் போக வேறு இடம் இல்லை.

அப்புச்சியின் தோட்டம் உங்களுக்குத் தெரியும். முதலிபாளையத்திலிருந்து மினி பஸ்ஸில் போய் இறங்கிச் சிறிது தூரம் நடக்க வேண்டும். நாலு ஏக்கர். அதில் பாதி கொறங்காடு, மாடுகள் மேய்வதற்கென்றே புல் வளர விட்ட நிலம். சுற்றிலும் கிளுவை வேலி. கிணறும் கொறங்காட்டுப் பக்கம்தான். மீதிப் பாதி சோளக்காடு. அம்மாவைப் பெற்ற அம்மாயி நான் பிறப்பதற்கு முன்பே இறந்துவிட்டார். அதற்குப் பிறகு அறுப்பு நாட்களைத் தவிர வேறு ஆள் வைத்துக்கொள்ளாமல் அவர் ஒருவரே அந்தத் தோட்டத்தைப் பார்த்துக்கொண்டார். பொழுதோடு வேலியை ஒரு சுற்றுச் சுற்றி வராமல் சாப்பிட உட்கார மாட்டார். எங்காவது இடைவெளி தெரிந்தால் முள்ளை வெட்டி அடைத்துவிட்டுத்தான் வருவார்.

கொறங்காட்டிலிருந்து சோளக்காட்டுக்குப் போக வேலியில் ஒரு வழி விட்டிருந்தார். அந்தக் கடவுக்கு ஒரு மூங்கில் படல். படலைக் கயிற்றால் மூன்று சுற்றுச் சுற்றி இரண்டு முடிச்சுப் போட்டுக் கட்டுவார். இரும்புக் கொண்டி வாங்கித் தருவதாக மாமா எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறார். “கொண்டிய மாடு மூக்குலயே தூக்கிப்போடும். முடிச்ச அவுக்க அதுக்குக் கையில்ல” என்பார் அப்புச்சி.

மாடுகளிடம் அவர் மரியாதையாகப் பேசுவார். “வாங்க, தண்ணி குடிங்க, அக்கட்டால தள்ளுங்க” என்பார். மாமாவை மட்டும் “வாடா, போடா” என்பார். ஒரு நாள் அம்மா சிரித்துக்கொண்டே கேட்டாள்: “ஏனுங்கப்பா, மாட்டுக்கு ‘ங்க’ போடறீங்க, பெத்த பையனுக்கு ‘டா’வுங்களா?”

“அதுக பால் குடுக்குதுக. இவன் என்னத்தக் குடுத்தான்?”

“பனியன் குடுத்தனல்லங்க” என்றார் மாமா.

“ஓட்டப் பனியன்தானே குடுத்த” என்றார் அப்புச்சி. அது உண்மைதான். மாமாவின் கம்பெனியில் ஏற்றுமதிக்குத் தேறாமல் கழித்துப் போட்ட டி-சர்ட்டுகளைத்தான் அவர் வேட்டிக்கு மேலே போட்டுக்கொள்வார். முதுகில் ஏதாவது வெளிநாட்டு ஊரின் பெயர் பெரிய எழுத்தில் இருக்கும். என்ன எழுதியிருக்கிறது என்று அவர் ஒரு நாளும் கேட்டதில்லை. மாமா அன்று சிரித்த சிரிப்பு எனக்கு இன்னும் கேட்கிறது. அவர்கள் இருவருக்கும் நடுவில் பகை இருந்ததாக யாரும் நினைத்துவிடக் கூடாது என்பதற்காக இதை எழுதுகிறேன்.

அவருடைய நினைவைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். என்னைப் பள்ளியில் சேர்க்கும்போது கொடுத்த பிறந்த தேதி தவறு என்று ஒரு நாள் பேச்சு வந்தது. அம்மாவுக்கே சரியாகத் தெரியவில்லை. அப்புச்சி தீவனம் வெட்டிக்கொண்டே சொன்னார்: “இவ பொறந்தது ஆவணி பத்தாந் தேதி, வெசாளக்கெழம. செவல மாட்டோட ஆத்தா ரெண்டாவது கண்ணுக்குட்டி போட்டதுக்கு மூணாம் நாளு. அன்னைக்குத் தூறல் போட்டுட்டே இருந்துச்சு. நான் ஆஸ்பத்திரிக்கு வாரப்ப சைக்கிள் சறுக்கி விழுந்தேன்.” மாமா பழைய காலண்டர்களைச் சேர்த்துவைத்திருந்த ஒருவரிடம் கேட்டுவந்தார். அந்த வருடத்தில் அவர் சொன்ன தேதி வியாழக்கிழமையாகவே இருந்தது. தோட்டத்தில் பிறந்த ஒவ்வொரு மாட்டின் தாயையும் அதன் தாயையும் நிறம் சொல்லி அவர் அடுக்குவார். அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. மனத்தில் இருந்ததுதான் அவருக்கு ஏடு.

ஒரு தடவை மாமா ஒருவரைத் தோட்டத்துக்குக் கூட்டிவந்தார். நூல் வைக்க ஒரு குடோன் கட்ட இடம் வேண்டும் என்று வந்தவர். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, கையில் செல்போன். அப்புச்சி அவருக்குக் கட்டிலைப் போட்டு மோர் கொடுத்தார்.

“இந்த வயசுல எதுக்குங்க மாட்டுக்குப் பின்னால அலைஞ்சுட்டு? எடத்த எங்ககிட்ட வாடகைக்கு உட்டுப்போட்டு உக்காந்துக்கலாமுங்களே” என்றார் அவர்.

“உக்காந்து என்னங்க பண்றது?”

“சும்மா இருக்கலாமுங்க.”

“அது எனக்குப் பழக்கமில்லீங்களே. இன்னொரு சொம்பு மோர் குடிங்க.”

அவர் போன பிறகு மாமாவுக்குக் கோபம் வந்துவிட்டது. “உங்களுக்கு முடியாமப் போனா என்னங்கப்பா பண்ணுவீங்க? நான் கம்பெனியப் பாக்கறதா, இங்க ஓடியாறதா?”

“முடியாமப் போறப்ப நானே சொல்றன்டா. அது வரைக்கும் அந்தப் பேச்ச எடுக்காத” என்றார் அப்புச்சி. மாமா அதற்குப் பிறகு ஒரு வருடம் அந்தப் பேச்சை எடுக்கவே இல்லை. அப்புச்சியின் சொல்லுக்கு அவர் அவ்வளவு மதிப்புக் கொடுப்பவர்.

போன ஐப்பசிக்கு வருகிறேன்.

அந்த வருடம் வெகுநாள் மழையே இல்லை. சோளத்தை அறுத்த பிறகு கட்டைகள் மட்டும் காய்ந்து நின்றன. பிறகு இரண்டு நாள் நல்ல மழை. கட்டையெல்லாம் துளிர்விட்டன. அந்த இளந்துளிர் மாட்டுக்கு விஷம். வயிறு நிறையத் தின்றுவிட்டால் ஒரு மணி நேரம்கூடத் தாங்காது. நம் பக்கத்தில் மாடு வைத்திருக்கும் எல்லோருக்கும் இது தெரியும். எனக்கும் தெரியும். அப்புச்சி அந்த வாரம் வீட்டுக்கு வந்தபோதே சொல்லிவிட்டுப் போயிருந்தார்: “பதனஞ்சு நாளைக்கு யாரும் அந்தக் கடவுப் பக்கம் போகாதீங்க. சுத்துனாலும் பரவால்ல, ரோட்டு வழியாவே வாங்க.”

சனிக்கிழமை பள்ளி அரை நாள். அம்மா கொடுத்துவிட்ட குழம்பைத் தூக்குப்போசியில் எடுத்துக்கொண்டு தோட்டத்துக்குப் போனேன். அப்புச்சி கிணற்று மோட்டாரைப் பார்த்துக்கொண்டிருந்தார். “வெச்சுட்டுப் போ கண்ணு, பஸ்ஸ உட்டுராத” என்றார். திரும்பும்போது மினி பஸ்ஸின் ஹாரன் கேட்டது. அதை விட்டால் அடுத்த பஸ்ஸுக்கு ஒன்றரை மணி நேரம் நிற்க வேண்டும். ரோட்டு வழியாகப் போனால் பிடிக்க முடியாது. சோளக்காட்டைக் குறுக்கே கடந்தால் பிடித்துவிடலாம். கடவின் இரண்டு முடிச்சுகளையும் அவிழ்த்தேன். ஈரத்தில் கயிறு இறுகிப்போயிருந்ததால் நகம் வலித்தது. அந்தப் பக்கம் போய்ப் படலைச் சாத்தினேன். மறுபடியும் ஹாரன் அடித்தது. கயிற்றை ஒரே ஒரு சுற்றுச் சுற்றி நுனியைச் செருகிவிட்டு ஓடினேன். பஸ்ஸில் ஜன்னல் சீட்டு கிடைத்தது. அன்று எனக்கு அது சந்தோஷமாக இருந்தது.

பொழுது சாயும்போது பக்கத்துத் தோட்டத்துக்காரர் மாமாவின் செல்போனுக்குக் கூப்பிட்டார். மாமா வண்டியில் என்னையும் அம்மாவையும் ஏற்றிக்கொண்டு போனார். மயிலைப் பசு சோளக்காட்டின் நடுவில் கிடந்தது. அதன் வயிற்றில் ஏழு மாதக் கன்று இருந்தது. அதற்குச் சற்றுத் தள்ளி அது போன தடவை ஈன்ற கிடாரி நான்கு காலையும் நீட்டிக் கிடந்தது. செவலை மட்டும் கடவைத் தாண்டாமல் கொறங்காட்டிலேயே நின்றதால் பிழைத்தது. மாட்டு டாக்டர் வருவதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. அப்புச்சி மயிலையின் தலையை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தார். வெல்லம் கரைத்து ஊற்றிப் பார்த்திருக்கிறார். வேட்டியெல்லாம் வெல்லத் தண்ணீர்.

“கடவு எப்படிங்கப்பா தொறந்துச்சு? யாரு வந்தது?” என்று மாமா கேட்டார். பக்கத்துத் தோட்டத்துக்காரர்கள் ஏழெட்டுப் பேர் நின்றிருந்தார்கள். உங்களில் சிலரும் அங்கே இருந்தீர்கள்.

அப்புச்சியின் கையில் அந்தக் கயிறு இருந்தது. அவர் கட்டிய கட்டு எப்படி இருக்கும் என்று அவருக்குத் தெரியாதா? நிமிர்ந்து என்னைப் பார்த்தார். பிறகு என் செருப்பைப் பார்த்தார். சோளக்காட்டுச் சேறு அதில் காய்ந்து ஒட்டியிருந்தது. அம்மாவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டேன்.

“நாந்தாஞ் சாமி” என்றார் மாமாவிடம். அவர் மாமாவைச் சாமி என்று கூப்பிட்டு நான் கேட்டது அந்த ஒரு தடவைதான். “துளுரு எவ்வளவு வந்திருக்குதுன்னு பாக்கப் போனேன். வாரப்ப கட்டறதுக்கு மறந்துபோச்சு.”

“மறந்துட்டீங்களா? நீங்களாப்பா?”

“மறந்துதான்டா போச்சு. என்ன பண்றது?”

அவர் சொன்னதை மாமா உடனே நம்பவில்லை. அப்புச்சியின் முகத்தையே வெகுநேரம் பார்த்தார். பிறகு நம்பிவிட்டார். வேறு எதை நம்புவது? அப்புச்சி பொய் சொல்லி யாரும் பார்த்ததில்லை.

மயிலையையும் கிடாரியையும் கொறங்காட்டிலேயே குழி வெட்டிப் புதைத்த மறுநாள், மாமா அப்புச்சியின் பக்கத்தில் கட்டிலில் உட்கார்ந்தார். குரலை உயர்த்தவே இல்லை. “முடியாமப் போனா நானே சொல்றன்னீங்கல்லங்கப்பா. இப்ப நீங்களே சொல்லிட்டீங்க. இன்னைக்குக் கடவு. நாளைக்கு மோட்டார்ல கைய வெச்சுட்டீங்கன்னா நான் என்ன பண்ணுவேன்?” என்றார். நான் இருவருக்கும் தண்ணீர் கொண்டுவந்து வைத்துக்கொண்டிருந்தேன். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். அப்புச்சி சொல்லியிருக்கலாம். நானும் சொல்லியிருக்கலாம். அப்புச்சி சொம்பை எடுத்து முழுவதும் குடித்துவிட்டுக் கீழே வைத்தார்.

“செரி. எங்க வரோணும்னு சொல்லு” என்றார்.

செவலையை மடத்துக்குளத்துக்காரர் ஒருவர் ஓட்டிப்போனார். நிலத்தைக் குடோனுக்கு விட்டார்கள். கிளுவை வேலியைப் பிடுங்கிக் கம்பி வேலி போட்டார்கள். அப்புச்சி எங்களோடு மாமா வீட்டு மாடிக்கு வந்தார். கீழே தையல் மிஷின்கள் ஓடும். அந்தச் சத்தத்தில் கட்டில்கூட லேசாக அதிரும். வழி தவறிப் போய்விடுவார் என்று அம்மா ஒரு சீட்டில் மாமாவின் போன் நம்பரை எழுதி அவர் வேட்டி மடிப்பில் செருகிவைத்தாள். கேட்டில் இருந்தவரிடம் அவரைத் தனியாக வெளியே விட வேண்டாம் என்று சொல்லிவைத்தார்கள். எல்லாம் அன்பால் செய்தது. அதற்கெல்லாம் அவர் தலையாட்டினார். தானே மறந்துவிட்டதாகச் சொன்ன மனிதர், அதற்குப் பிறகு எதையும் நினைவில் வைத்திருப்பதாகக் காட்டிக்கொள்ளவில்லை. “இன்னைக்கு என்ன கெழமைங்கப்பா?” என்று மாமா சோதித்துப் பார்ப்பார். “நீயே சொல்லு” என்பார்.

ஒரு நாள் மாடியில் நாங்கள் இரண்டு பேர் மட்டும் இருந்தோம். “அப்புச்சி, அன்னைக்குக் கடவு…” என்று ஆரம்பித்தேன்.

“எனக்குத்தான் மறந்துபோச்சே கண்ணு. உனக்கு மட்டும் எதுக்கு நாபகம்?” என்றார். என் தலையை இழுத்துத் தோளில் சாய்த்துக்கொண்டார். நான் அழுது முடிக்கும் வரை கீழே மிஷின்கள் ஓடிக்கொண்டே இருந்தன.

வைகாசியில் ஒரு காலை, பல் தேய்த்துக்கொண்டிருந்த என்னிடம் மெதுவாகச் சொன்னார்: “செவலைக்கு நாள் முடிஞ்சுது. இன்னைக்கு இல்லீனா நாளைக்குக் கண்ணு போட்டிரும்.” மறுநாள் ராத்திரி சாப்பிடும்போது மாமா, “மடத்துக்குளத்துக்காரரு போன் பண்ணுனாருங்கப்பா. செவல கண்ணு போட்டுருச்சாமா. கெடாரிக் கண்ணு” என்றார். அப்புச்சியின் முகம் மலரும் என்று எதிர்பார்த்துத்தான் மாமா அதைச் சொன்னார். அப்புச்சி சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார்.

“எந்தச் செவல?” என்று கேட்டார்.

மாமா அதற்கு மேல் சாப்பிடவில்லை. கையைக் கழுவிவிட்டுக் கீழே போய்விட்டார். அம்மா சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். அப்புச்சி தட்டில் இருந்ததை முழுவதும் சாப்பிட்டார். என்னை ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை. நான் பயந்துகொண்டிருக்கும் வரை தனக்கு மறந்தது மறந்ததாகவே இருக்க வேண்டும் என்று அவர் முடிவு செய்திருந்தார். தன் மகன் அழுவதைக்கூட எனக்காகப் பொறுத்துக்கொண்டார்.

பதினைந்து நாளைக்கு முன்னால் ஒரு மத்தியானம், அந்தக் கட்டிலிலேயே தூக்கத்தில் போய்விட்டார். அம்மா வேலையில் இருந்தாள். நான் பள்ளியில் இருந்தேன். டீ கொண்டுபோன மாமாதான் முதலில் பார்த்தார்.

துக்கம் கேட்க வந்தவர்கள் எல்லோரும் ஒரே மாதிரித்தான் பேசினீர்கள். “எப்படி இருந்த மனுசன். கடசீல மாட்டையே கொன்னுபோடற அளவுக்கு நெனப்பு தப்பிப்போச்சே” என்றீர்கள். நான் காபி டம்ளர்களை எடுத்துக் கொடுத்துக்கொண்டு அதையெல்லாம் கேட்டேன். மயிலையை யாரோ ஞாபகமில்லாமல் கொன்றார்கள் என்றால், அது பஸ்ஸில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்து போனவள். அப்புச்சி உயிரோடு இருந்த வரை இதைச் சொல்ல வேண்டாம் என்று என் வாயை அடைத்துவைத்திருந்தார். இப்போது அடைக்க அவர் இல்லை. இனியும் நான் பேசாமல் இருந்தால், அந்தப் பொய்யை அவர் சொன்னதாக ஆகாது. நான் சொல்வதாக ஆகும்.

மாமா, இதைப் படிக்கும்போது நீங்கள் முன் வரிசையில் இருப்பீர்கள். உங்களுக்குக் கோபம் வரும். வர வேண்டும். தோட்டத்தை விட்டு அவரை வரச் சொன்னது உங்கள் தவறு இல்லை. அவர் மேல் வைத்திருந்த நம்பிக்கையால் அவர் சொன்னதை நம்பினீர்கள். உங்களை ஏமாற்றியது நான். செவலையின் கன்று என்றைக்குப் பிறக்கும் என்று அவர் எனக்கு முதல் நாளே சொல்லிவிட்டார், மாமா. அம்மாவும் நானும் எங்கே போவது என்று நீங்கள் சொல்லுங்கள், போகிறோம். ஆனால் கடைசி வரி வரை என்னைப் படிக்க விடுங்கள்.

அம்மா, உனக்கும் தெரியாது. மன்னித்துவிடு.

மாடியில் அவர் விட்டுப்போனது வேட்டிகளும் டி-சர்ட்டுகளும்தான். அவற்றை யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளுங்கள். என் பங்காக நான் வைத்துக்கொள்வது, எட்டு மாதம் அவர் தன் பேரில் சுமந்த என் தவறை. அது அவருடைய பெயரோடு சேர்ந்து மண்ணுக்குள் போகக் கூடாது. அப்புச்சி கட்டிய கடவை அவிழ்த்தது நான். திரும்பக் கட்டாமல் ஓடியதும் நான்.